ஹீட்டர் வாங்கப் போறீங்களா? ஆஃபரைப் பார்க்குறதுக்கு முன்னாடி ஈபி பில்லைப் பாருங்க



மார்கழி பிறந்தா போதும், காலையில ஆறு மணிக்குப் பாத்ரூம் குழாயைத் திறந்ததும் கை தானா பின்னால வந்துடும். அன்னைக்கு சாயந்திரமே போனை எடுத்து "வாட்டர் ஹீட்டர்" என்று தேட ஆரம்பிப்போம். கடைக்குப் போனா மூணே கேள்விதான் வரும்: எத்தனை லிட்டர் வேணும், எத்தனை ஸ்டார் வேணும், எத்தனை மாச இ.எம்.ஐ. வேணும். பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பில் போட்டுடுவாங்க.

நானும் அப்படித்தான் வாங்கினேன். முதல் வேலை, வாடகை வீடு, நான் ஒரே ஆள். ஆஃபர்ல கிடைக்குதுன்னு 25 லிட்டர் ஹீட்டர். பொருத்த வந்தவர் பெரிய பிளக் பாயின்ட் இல்லையேன்னு சொன்னார். வயரிங் மாத்த 2,500 ரூபாய் ஆகும்னு எலக்ட்ரீஷியன் சொன்னதும், ஒரு சின்ன கன்வர்ட்டரை வாங்கி சாதாரண பிளக்லயே செருகிட்டேன். மூணாவது வாரம் குளிச்சிட்டு வெளியே வந்தா பிளாஸ்டிக் கருகுற வாசனை. சுவிட்ச் போர்டு பாதி உருகிப் போயிருந்தது. நல்லவேளை, அதோட போச்சு. 2,500 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் என்னத்தை அடகு வெச்சேன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

அதனால இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விஷயத்தைத்தான் தெளிவா சொல்லப் போறேன். ஹீட்டர்ல பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு, மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் ஒண்ணு இருக்கு. நம்மில் பல பேர் ரெண்டையும் மாத்திப் போட்டுக்கிறோம்.

ஒரு பக்கெட் வெந்நீருக்கு எவ்வளவு கரண்ட்?

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீங்க, எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

ஒரு லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி சூடாக்க 1.163 வாட்-மணி வெப்பம் வேணும். இது இயற்கையோட கணக்கு. எந்தக் கம்பெனியும் இதைக் குறைக்க முடியாது.

சென்னையில குளிர்கால காலையில குழாய்த் தண்ணி 26 டிகிரின்னு வெச்சுக்குவோம். குளிக்க இதமான சூடு 40 டிகிரி. அதாவது 14 டிகிரி ஏத்தணும். 20 லிட்டர் பக்கெட்டுக்கு 20 × 14 × 1.163. கிட்டத்தட்ட 326 வாட்-மணி. ஒரு யூனிட்ல மூணில் ஒரு பங்கு, அவ்வளவுதான்.

அதே பக்கெட் பெங்களூரில், குழாய்த் தண்ணி 20 டிகிரின்னா, 0.47 யூனிட். ஊட்டியில் 12 டிகிரித் தண்ணின்னா 0.65 யூனிட். சென்னையைப் போல ரெண்டு மடங்கு.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. 600 ரூபாய் ராடு, 3,500 ரூபாய் இன்ஸ்டன்ட் ஹீட்டர், 9,000 ரூபாய் ஃபைவ் ஸ்டார் ஹீட்டர், எல்லாமே கம்பிச்சுருளைச் சூடாக்கித்தான் தண்ணியைச் சூடாக்குது. அந்த ஒரு பக்கெட்டுக்கு மூணும் எடுக்கிற கரண்ட் ஏறக்குறைய ஒண்ணுதான். "இந்த மாடல் வாங்கினா கரண்ட் பில் பாதியாகும் சார்" என்று யாராவது சொன்னா, எப்படின்னு ஒரு கேள்வி கேளுங்க. வித்தியாசம் வர்றது ரெண்டே இடத்துல: நீங்க தேவைக்கு மேல எவ்வளவு தண்ணியைச் சூடாக்குறீங்க, சூடான தண்ணி எவ்வளவு நேரம் சும்மா நின்னு ஆறுது.

அதே 40 யூனிட், மூணு விதமான பில்

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். வீட்டுல ரெண்டு பேர், ஆளுக்கு ஒரு பக்கெட், 60 நாள். 120 பக்கெட். ஏறக்குறைய 40 யூனிட். தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிறதால, ஒரு பில்லுக்கு இந்த 40 யூனிட் கூடும்.

இந்த 40 யூனிட்டுக்கு எவ்வளவு கட்டணும்? ஹீட்டரைப் பார்த்து இதுக்குப் பதில் சொல்ல முடியாது. உங்க மீட்டரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

2022 செப்டம்பர்ல வந்த கட்டண அமைப்பை எடுத்துக்குவோம். ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் வரைக்கும் பயன்படுத்துற வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101-ல இருந்து 200 வரை யூனிட் 2.25 ரூபாய். 201-ல இருந்து 400 வரை 4.50. 401-ல இருந்து 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டிட்டா அந்த 2.25 சலுகை போயிடும். 101-ல இருந்து 400 வரைக்கும் முழுசா 4.50, அப்புறம் 500 வரை 6, அதுக்கு மேல 600 வரை 8 ரூபாய். இதுக்குப் பிறகு விகிதம் மாறியிருக்கு, அதனால உங்க கடைசி பில்லுல இருக்கிற விகிதத்தைப் போட்டுப் பாருங்க. கணக்கு போடுற முறை இதுதான்.

மூணு வீட்டை எடுத்துக்குவோம்.

முதல் வீடு: ஹீட்டர் இல்லாம 80 யூனிட். ஹீட்டர் வந்ததும் 120. முதல் 100 இலவசம், மீதி 20 யூனிட்டுக்கு 2.25 வீதம் 45 ரூபாய். ரெண்டு மாச வெந்நீருக்கு 45 ரூபாய்!

ரெண்டாவது வீடு: 300 யூனிட் 340 ஆகுது. 40 யூனிட்டும் 4.50 விலையில. 180 ரூபாய் கூடுது.

மூணாவது வீடு: 470 யூனிட் 510 ஆகுது. 470-க்கு பில் 1,545 ரூபாய். 510-க்கு பில் 2,030 ரூபாய். கூடுறது 485 ரூபாய். யூனிட்டுக்கு 12 ரூபாய்க்கு மேல!

தண்ணி ஒண்ணுதான், ஹீட்டர் ஒண்ணுதான், குளியல் ஒண்ணுதான். செலவு மட்டும் 45, 180, 485. மூணாவது வீட்டுக்காரர் கடையில மாடல் மாடலா பேரம் பேசி 400 ரூபாய் குறைச்சு வாங்கினாலும், முதல் பில்லுலயே அது போயிடும். அவர் செய்ய வேண்டியது வேற: வேற எங்கேயாவது 10, 15 யூனிட் குறைச்சு 500-க்குள்ள நிக்கணும். பழைய குண்டு பல்பு ரெண்டை எல்.இ.டி.யா மாத்தினாலே அந்த அளவு குறையும்.

வாடகை வீட்டுல இருக்கிறவங்க இன்னொண்ணும் பார்க்கணும். உங்க பேருக்குத் தனி மீட்டரா, ஓனர் போட்ட சப்-மீட்டரா? ஓனர் "யூனிட்டுக்கு 8 ரூபாய்" என்று மொத்தமா வாங்குறார்னா உங்களுக்கு ஸ்லாப்பும் இல்லை, இலவசமும் இல்லை. 40 யூனிட்டுக்கு நேரா 320 ரூபாய். அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே கேட்க வேண்டிய கேள்வி இது.

எந்த வகை யாருக்கு?

*ராடு.* விலை சுமார் 500-ல இருந்து 1,000 ரூபாய். 1,500 வாட் ராடு ஒரு பக்கெட்டை 13 நிமிஷத்துல சூடாக்கிடும். கரண்ட் செலவுல ஒரு குறையும் சொல்ல முடியாது, தேவையான தண்ணியை மட்டும்தான் சூடாக்குது. குறை பாதுகாப்புல இருக்கு. ராடு போட்டதை மறந்துட்டு தண்ணியில கை வைக்கிறது, பக்கெட்டைக் குழந்தை தொடுறது, இரும்பு பக்கெட்ல போடுறது, இப்படி உயிர் போற தப்பு ஒரு நொடியில நடந்துடும். தனியா இருக்கிற பேச்சிலர், சுவிட்சை ஆஃப் பண்ணி பிளக்கைப் பிடுங்கின பிறகுதான் தண்ணியைத் தொடுவேன்னு கறாரா இருந்தா சமாளிக்கலாம். சின்னக் குழந்தை, வயசான அப்பா அம்மா இருக்கிற வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

*இன்ஸ்டன்ட்.* 1 லிட்டர், 3 லிட்டர்னு வர்ற சின்ன ஹீட்டர். சுமார் 2,500-ல இருந்து 4,500 ரூபாய். பெரும்பாலும் 3,000 வாட். பேர்தான் இன்ஸ்டன்ட், அதுக்கும் ஒரு எல்லை இருக்கு. 14 டிகிரி ஏத்தணும்னா 3,000 வாட் ஹீட்டர் நிமிஷத்துக்கு 3 லிட்டர் வெந்நீர்தான் தர முடியும். பக்கெட் நிரம்ப ஆறரை நிமிஷம். சென்னை, மதுரை, திருச்சியில பக்கெட் குளியலுக்கு இது போதும். ஊட்டியில அதே பக்கெட்டுக்கு 13 நிமிஷம் நிக்கணும். ஷவரை முழுசா திறந்தா வெதுவெதுப்புதான் வரும். "ஹீட்டர் சரியில்லை" என்று சர்வீஸுக்குப் போன் பண்றவங்கள்ல பல பேரோட பிரச்சினை ஹீட்டர் இல்லை, குழாயோட வேகம்தான்.

*ஸ்டோரேஜ்.* 10, 15, 25 லிட்டர். பெரும்பாலும் 2,000 வாட். 15 லிட்டர் ஹீட்டர் தண்ணியை 26-ல இருந்து 60 டிகிரிக்குக் கொண்டு போக சுமார் 18 நிமிஷம் ஆகும். அந்த 15 லிட்டரைப் பச்சைத் தண்ணியோட கலந்தா 40 டிகிரியில ஏறக்குறைய 36 லிட்டர் வரும். அதாவது கொஞ்சம் குறைய ரெண்டு பக்கெட். 25 லிட்டர்னா மூணு பக்கெட். ஷவர்ல குளிக்கிறவங்க, அடுத்தடுத்து ரெண்டு மூணு பேர் கிளம்புற வீடு, குளிர் ஊர், இவங்களுக்கு இதுதான் சரி.

இப்போ என் 25 லிட்டர் கதைக்கு வாங்க. 25 லிட்டரை 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 1 யூனிட் ஆகும். எனக்குத் தேவைப்பட்டது 0.33 யூனிட் சூடு. மீதி வெந்நீர் டேங்குக்குள்ள நின்னு, அடுத்த நாள் காலைக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா ஆறிப் போகும். தேவைக்கு மேல பெரிய ஹீட்டர் வாங்கினா இந்த நஷ்டத்தைத் தினமும் கட்டிட்டே இருப்போம்.

*கேஸ் கீசர்.* சமையல் சிலிண்டர்ல ஓடுறது. சென்னைக் கணக்குல ஒரு பக்கெட்டுக்குச் சுமார் 30 கிராம் கேஸ் ஆகும். சிலிண்டர் 900 ரூபாய்னு வெச்சுக்கிட்டா பக்கெட்டுக்கு 2 ரூபாய் வரும். 4.50 ரூபாய் ஸ்லாப்ல இருக்கிறவருக்குக் கரண்ட்ல அதே பக்கெட் 1.50 ரூபாய்தான். ஸ்லாப் ஏற ஏற கேஸ் மலிவாத் தெரியும். ஆனா இதுல செலவுக்கு முன்னாடி பேச வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. கீழே சொல்றேன்.

*சோலார்.* நாலு பேர் குடும்பத்துக்கு 100 லிட்டர் அமைப்பு 20,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். சென்னையில வருஷத்துக்கு 100 நாள்தான் வெந்நீர் வேணும்னா, மிச்சமாகுறது 4 × 0.33 × 100, சுமார் 132 யூனிட். யூனிட் 6 ரூபாய்னாலும் வருஷத்துக்கு 800 ரூபாய்கூட வராது. போட்ட காசு திரும்ப 25 வருஷம் ஆகும். ஊட்டியில வருஷம் பூரா, பக்கெட்டுக்கு 0.6 யூனிட் வீதம் 330 நாள்னா 790 யூனிட்டுக்கு மேல. வருஷத்துக்கு 4,700 ரூபாய்க்கு மேல மிச்சம். நாலு வருஷம் சொச்சத்துல காசு திரும்பிடும். மேகம் மூடுற நாளுக்கு மட்டும் கரண்ட் பேக்கப் வேணும். அதே பொருள், அதே விலை. ஒரு ஊர்ல நல்ல முதலீடு, இன்னொரு ஊர்ல மொட்டை மாடிக்கு அலங்காரம். சொந்த வீடு, வெயில் மறைக்காத மாடி, வருஷம் பூரா வெந்நீர், இந்த மூணும் இருந்தா மட்டும் சோலார் பக்கம் போங்க.

ஸ்டார் லேபிள் எப்போ காசு கொடுக்கும்?

ஸ்டோரேஜ் ஹீட்டர்ல ஒட்டியிருக்கிற ஸ்டார் எதைக் குறிக்குது தெரியுமா? தண்ணியை எவ்வளவு சிக்கனமா சூடாக்குதுங்கிறதை இல்லை. சூடாக்கின தண்ணி சும்மா நிக்கும்போது ஒரு நாள்ல எவ்வளவு சூட்டை இழக்குதுங்கிறதைத்தான். லேபிள்ல "ஸ்டாண்டிங் லாஸ்" என்று ஒரு எண் இருக்கும். வெளிச் சூட்டுக்கும் தண்ணிக்கும் 45 டிகிரி வித்தியாசம் இருக்கும்போது 24 மணி நேரத்துல போற யூனிட் அது.

உதாரணத்துக்கு ஒரு மாடல்ல அந்த எண் 0.4, இன்னொண்ணுல 0.7 என்று வெச்சுக்குவோம். ஹீட்டரை 24 மணி நேரமும் ஆன்ல விட்டா வருஷத்துக்கு 110 யூனிட் வரைக்கும் வித்தியாசம் வரும். ஆனா நீங்க காலையில 20 நிமிஷம் போட்டு, ஆஃப் பண்ணி, உடனே குளிச்சுக் கிளம்புறவர்னா? வித்தியாசம் சில ரூபாய்தான். அதனால கூட்டுக் குடும்பம், நாள் பூரா வெந்நீர் தேவைப்படுற பெரியவங்க, கைக்குழந்தை இருக்கிற வீடுன்னா ஸ்டாருக்குக் கூடக் காசு கொடுங்க. காலையில ஒரு தடவை மட்டும் பயன்படுத்துறவர், ஸ்டாருக்காக மட்டும் 2,000 ரூபாய் கூடக் கொடுக்க வேண்டியதில்லை. சுவிட்சை ஆஃப் பண்ற பழக்கம் இலவசமாவே அந்த மிச்சத்தைத் தந்துடும்.

இங்கே மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க

இதுவரைக்கும் சொன்னது மிச்சம் பிடிக்கிற இடம். இனிமே சொல்றது பிடிக்கக் கூடாத இடம்.

*பிளக் பாயின்ட்டும் வயரும்.* 2,000 வாட் ஹீட்டர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 3,000 வாட் ஹீட்டர் 13 ஆம்பியர். சாதாரண சின்ன பிளக் 6 ஆம்பியருக்குத்தான். அதனால சின்ன ஹீட்டரா இருந்தாலும் 16 ஆம்பியர் பாயின்ட்தான் வேணும். அந்தப் பாயின்ட்டுக்கு வர்ற வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பருக்குக் குறையக் கூடாது. 3,000 வாட்டும் தூரமும் அதிகம்னா 4 சதுர மில்லிமீட்டர் போடச் சொல்லுங்க. கன்வர்ட்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். என் சுவிட்ச் போர்டு உருகினது இதனாலதான்.

*எர்த்.* பழைய வீடுகள்ல மூணு ஓட்டை பிளக் இருக்கும், எர்த் வயர் உள்ளே இருக்காது. ஹீட்டருக்குள்ள கசிவு வந்தா, எர்த் இல்லாத வீட்டுல அந்தக் கரண்ட் தண்ணி வழியா உங்ககிட்டதான் வரும். எலக்ட்ரீஷியனை வெச்சு எர்த்தைச் சோதிச்சுப் பாருங்க. கூடவே மெயின் போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கான்னு பாருங்க. கரண்ட் கசிஞ்சா கண் இமைக்கிற நேரத்துல லைனைத் துண்டிக்கிற சாதனம் அது. அதுல டெஸ்ட் பட்டன் இருக்கும், அப்பப்போ அழுத்திப் பார்க்கணும். இதையெல்லாம் செஞ்சிருந்தாலும், ஸ்டோரேஜ் ஹீட்டர்னா தண்ணி சூடானதும் ஆஃப் பண்ணிட்டுக் குளிக்கிறது நல்ல பழக்கம்.

வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட பேசுங்க. "சார், வயரிங் வீட்டோடதான் இருக்கப் போகுது, நான் காலி பண்ணும்போது எடுத்துட்டுப் போகப் போறதில்லை. பாதியாவது நீங்க போடுங்க, இல்லைன்னா வாடகையில கழிச்சுக்கிறேன்" என்று கேட்டா பல பேர் ஒத்துக்குவாங்க. ஒத்துக்கலைன்னா? நீங்களே போடுங்க, இல்லைன்னா அந்த வீட்டுல ஹீட்டர் வேண்டாம். அடுப்புல ஒரு குண்டா வெந்நீர் வெச்சுக் குளிக்கிறது ஒண்ணும் கேவலம் இல்லை.

*கேஸ் கீசர் இருக்கிற இடம்.* இதை ரெண்டு தடவை படிங்க. காத்தோட்டம் இல்லாத இடத்துல கேஸ் முழுசா எரியாது. அப்போ கார்பன் மோனாக்சைடு வரும். அதுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தலை வலிக்கும், சுத்தும், கதவைத் திறக்கணும்னு தோணுறதுக்குள்ள மயக்கம் வந்துடும். குளிருக்கு ஜன்னலைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்ட பாத்ரூம்ல இது எவ்வளவு ஆபத்துன்னு யோசிங்க. நம்ம நாட்டுல குளிர்காலத்துல இந்த மாதிரிச் சாவு செய்தி வந்துட்டே இருக்கு. கேஸ் கீசர் பாத்ரூமுக்கு வெளியே, காத்தோட்டமான இடத்துல இருக்கணும், புகை வெளியே போக வழி இருக்கணும், வெந்நீர் மட்டும் குழாய் வழியா உள்ளே வரணும். வாடகைக்குப் பார்க்கிற வீட்டுல கேஸ் கீசர் பாத்ரூமுக்குள்ளயே மாட்டியிருந்தா, "இலவசமா கிடைக்குதே" என்று சந்தோஷப்படாதீங்க. வெளியே மாத்தித் தரச் சொல்லுங்க, இல்லைன்னா அதைத் தொடாதீங்க.

*ஐ.எஸ்.ஐ. முத்திரையும் சேஃப்டி வால்வும்.* ஸ்டோரேஜ் ஹீட்டர்ல ஐ.எஸ். 2082 என்ற எண்ணோட முத்திரை இருக்கணும். தண்ணி சூடாகும்போது விரியும். அந்த அழுத்தத்தை வெளியே விடத்தான் சேஃப்டி வால்வு. அதுல சொட்டு சொட்டா தண்ணி வருதேன்னு எம்-சீல் வெச்சு அடைக்காதீங்க. அபார்ட்மென்ட்டா? ஹீட்டர் எத்தனை பார் அழுத்தம் தாங்கும்னு பாருங்க. தண்ணித் தொட்டி 10 மீட்டர் உயரத்துல இருந்தா ஏறக்குறைய 1 பார். பத்து மாடிக் கட்டடத்துல கீழ் வீட்டுக்கு 3 பார் வரும், பிரஷர் பம்ப் இருந்தா இன்னும் கூடும். அங்கே 8 பார் மாடல் வாங்குங்க.

உப்புத் தண்ணியும் வாரன்ட்டியும்

நம்ம ஊர்ல பல ஏரியாவுல போர் தண்ணிதான். உப்புப் படிஞ்சா கம்பிச்சுருள் மேல வெள்ளையா ஓடு மாதிரி கட்டும், சூடாக நேரம் ஆகும், கடைசியில சுருள் எரிஞ்சு போகும். ஸ்டோரேஜ் ஹீட்டருக்குள்ள ஆனோடு ராடுன்னு ஒண்ணு இருக்கும். டேங்க் துருப்பிடிக்காம இருக்க, தான் கரைஞ்சு டேங்கைக் காப்பாத்துறது அதோட வேலை. கரைஞ்சு முடிஞ்சா மாத்தணும். வருஷத்துக்கு ஒரு முறை சர்வீஸ் பண்ணும்போது அதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்க.

"7 வருஷ வாரன்ட்டி" என்று பெரிய எழுத்துல போட்டிருந்தா, எதுக்கு 7 வருஷம்னு சின்ன எழுத்துல படிங்க. பெரும்பாலும் அது டேங்குக்கு மட்டும் இருக்கும். சுருளுக்குத் தனி, மீதிப் பாகங்களுக்குத் தனி. உப்புத் தண்ணி ஊர்ல முதல்ல போறது சுருள்தான், அதனால நீங்க ஒப்பிட வேண்டியது சுருளோட வாரன்ட்டியை.

பட்ஜெட்டை முழுசா போடுங்க

ஹீட்டர் விலை 7,000 ரூபாய்னா உங்க பட்ஜெட் 7,000 இல்லை. இணைப்புக் குழாய், பிளம்பர் கூலி, 16 ஆம்பியர் பாயின்ட், வயர், எலக்ட்ரீஷியன் கூலி, வருஷ சர்வீஸ் எல்லாத்தையும் சேர்த்து எழுதுங்க. "ஃப்ரீ இன்ஸ்டலேஷன்" என்றா பெரும்பாலும் வந்து மாட்டுற கூலி மட்டும்தான் ஃப்ரீ, குழாய்க்குக் காசு தனி.

"நோ காஸ்ட் இ.எம்.ஐ."யும் முழு இலவசம் இல்லை. பிராசஸிங் ஃபீ இருந்தா அது ஒண்ணு, அது மேல 18 சதவீத ஜி.எஸ்.டி., வட்டின்னு பேங்க் காட்டுற தொகை மேலயும் 18 சதவீத ஜி.எஸ்.டி. 9,000 ரூபாய் பொருளை 9 மாச இ.எம்.ஐ.யில எடுத்தா 300 ரூபாய்க்கு மேல போக வாய்ப்பு இருக்கு. கூடவே மொத்தமா கட்டுறவருக்குக் கிடைக்கிற தள்ளுபடியும் போயிடும். ஒரு ஹீட்டருக்கு இ.எம்.ஐ. தேவைப்படுதுன்னா, ஆகஸ்ட்ல இருந்து மாசம் 2,000 எடுத்து வெச்சிருந்தா டிசம்பருக்குள்ள 10,000 கையில இருந்திருக்கும். அடுத்த வருஷத்துக்காவது ஞாபகம் வெச்சுக்கோங்க.

அடிக்கடி வீடு மாறுறவங்க கவனிக்க: ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டுற கூலி, புதுக் குழாய்ச் செலவு வரும். ஒரு வருஷத்துல காலி பண்ணப் போறீங்கன்னா சின்ன இன்ஸ்டன்ட் ஹீட்டர் எடுத்துட்டுப் போகவும் சுலபம், போட்ட காசும் கம்மி.

சரி, நான் என்ன வாங்க?

சமவெளி ஊர், ஒரு ஆள் அல்லது ரெண்டு பேர், பக்கெட் குளியல்: 3 லிட்டர் இன்ஸ்டன்ட். சமவெளி ஊர், மூணு நாலு பேர், ஷவர்: 15 லிட்டர் ஸ்டோரேஜ், குளிக்கிறதுக்கு 20 நிமிஷம் முன்னாடி சுவிட்ச். பெங்களூரு, ஓசூர், மலை ஊர்: 15 அல்லது 25 லிட்டர், நல்ல ஸ்டார் பார்த்து. சொந்த வீடும் குளிர் ஊரும்: சோலார் கணக்கைப் போட்டுப் பாருங்க.

ஆனா மாடல் தேடுறதுக்கு முன்னாடி இன்னைக்கு ராத்திரியே மூணு வேலை பண்ணுங்க. ஒண்ணு, போன வருஷம் டிசம்பர், ஜனவரி ஈபி பில்லை எடுத்து எத்தனை யூனிட்னு பாருங்க, அதோட 40 கூட்டுங்க, எந்த ஸ்லாப்ல விழுதுன்னு பாருங்க. ரெண்டு, உங்க வீட்டுல காலையில எத்தனை பக்கெட் வெந்நீர் வேணும்னு எண்ணுங்க. மூணு, பாத்ரூம் பிளக் பாயின்ட்டைப் போய்ப் பாருங்க. சின்ன ஓட்டையா, பெரிய ஓட்டையா?

பெரிய ஓட்டை இல்லைன்னா, முதல் செலவு ஹீட்டருக்கு இல்லை, எலக்ட்ரீஷியனுக்கு. மிச்சக் காசுல என்ன ஹீட்டர் வருதோ அதை வாங்குங்க. 25 லிட்டருக்கு ஆசைப்பட்டு 3 லிட்டர் வாங்கினவர் கொஞ்சம் மெதுவா குளிப்பார், அவ்வளவுதான்.

வீட்டுக்குப் புதுசா ஹீட்டர் பார்க்கிற நண்பர் யாராவது இருந்தா இதை அனுப்பி வைங்க. இந்தக் கணக்கையெல்லாம் பலகையில போட்டுக் காட்டுற வீடியோ நம்ம சேனல்ல வரும்.